வட்டியைக் குறைத்த பிறகும் பத்திர ஈல்டு ஏறுவது ஏன்? அரசுக் கடன் சந்தையை எங்கே உடைக்கிறது?

நீங்கள் கேட்டது இது. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் குறுகியகாலக் கடனுக்கான ரெப்போ வட்டியை ஒரேயடியாக அரை சதவீதம் குறைத்தது. வட்டி குறைந்தால் பத்திர விலை ஏறும் என்று நம்பி, அரசுப் பத்திரங்களில் முதலீடு செய்யும் கில்ட் ஃபண்டில் பணம் போட்டிருந்தீர்கள். அடுத்த வாரங்களில் ஃபண்டின் ஒரு யூனிட்டின் மதிப்பான என்ஏவி ஏறாமல் இறங்கியது. அமெரிக்காவிலும் 2024 இறுதியில் இதேதான் நடந்தது என்று படித்தீர்கள். அரசுகளின் கடன் கைமீறிப் போய்விட்டது, மத்திய வங்கிகளின் பிடி நழுவிவிட்டது, அடுத்த பெரிய சரிவு பத்திரச் சந்தையிலிருந்துதான் வரும் என்று ஒருவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அது உண்மையா என்பது கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நீண்டகால வட்டியை யார் தீர்மானிக்கிறார்கள் என்பது ஒன்று. கடன் எந்த இடத்தில் சந்தையை உடைக்கும் என்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பயம் பெரிதாகிறது. வங்கி டிரெஷரியில் அரசுப் பத்திரங்களை வாங்கி விற்றே பல ஆண்டுகள் கழித்தவன் நான். அந்த அனுபவத்தில் உறுதியாகத் தெரிந்ததையும் இன்னும் விவாதத்தில் இருப்பதையும் பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி. மத்திய வங்கி தீர்மானிப்பது ஓரிரவுக் கடனுக்கான வட்டியை. பத்தாண்டுப் பத்திரத்தின் ஈல்டை, அதாவது இன்றைய விலைக்கு வாங்குபவருக்குக் கிடைக்கும் ஆண்டு வருமான விகிதத்தை, அது நேரடியாகத் தீர்மானிப்பதில்லை. அடுத்த பத்து ஆண்டுகளில் குறுகியகால வட்டி சராசரியாக எங்கே இருக்கும் என்ற சந்தையின் கணிப்பும், அவ்வளவு காலம் பணத்தைப் பூட்டிவைக்கும் ஆபத்துக்காக முதலீட்டாளர் கேட்கும் கூடுதல் வட்டியும் சேர்ந்ததுதான் அந்த ஈல்டு. அந்தக் கூடுதலை டெர்ம் பிரீமியம் என்கிறோம். இன்றைய குறைப்பு நேற்றே விலையில் ஏறியிருக்கும். இன்று விலையை அசைப்பது, எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. ஈல்டு ஏறினால் விலை இறங்கும் என்பது வெறும் கணக்கு. ஈல்டு ஒரு சதவீதப் புள்ளி ஏறினால் பத்தாண்டுப் பத்திரத்தின் விலை ஏறக்குறைய 7 அல்லது 8 சதவீதம் விழும். முப்பதாண்டுப் பத்திரம் 15 சதவீதம்வரை விழலாம். அரசு ஒரு ரூபாய்கூடப் பாக்கி வைக்காமல் கொடுத்தாலும் இந்த விலை நஷ்டம் வரும்.

2025 ஜூனில் இந்தியாவில் நடந்ததை இதை வைத்தே புரிந்துகொள்ளலாம். ரெப்போ 6 சதவீதத்திலிருந்து 5.5 ஆனது. வங்கிகள் டெபாசிட்டில் ரிசர்வ் வங்கியிடம் ரொக்கமாக வைக்க வேண்டிய சிஆர்ஆர் விகிதமும் 4 சதவீதத்திலிருந்து படிப்படியாக 3 ஆகும் என்று அறிவித்தார்கள். அதே அறிக்கையில் கொள்கை நிலைப்பாட்டைத் தளர்விலிருந்து நடுநிலைக்கு மாற்றினார்கள். இதற்கு மேல் குறைக்க அதிக இடமில்லை என்று சந்தை அதைப் படித்தது. அடுத்த குறைப்பை நம்பி வாங்கியவர்கள் விற்றார்கள், நீண்டகால ஈல்டு ஏறியது. கடன் பயம் இங்கே முதல் காரணம் இல்லை. ஆகஸ்டில் ஜிஎஸ்டி குறைப்பு அறிவிப்பு வந்தபோதுதான், வருவாய் குறைந்து அரசு கூடுதலாகக் கடன் வாங்குமோ என்ற கவலையும் சேர்ந்துகொண்டது.

அமெரிக்கக் கதை இன்னும் சிக்கலானது. 2024 செப்டம்பர் 18 அன்று அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் (சுருக்கமாக ஃபெட்) அரை சதவீதம் குறைத்தது. நவம்பரில் கால், டிசம்பரில் கால் என்று மொத்தம் ஒரு சதவீதப் புள்ளி. குறைப்பு தொடங்குவதற்கு முன் 3.6 சதவீதத்தை ஒட்டி இருந்த பத்தாண்டு ஈல்டு, 2025 ஜனவரி நடுவில் 4.8 சதவீதத்தைத் தொட்டது. மத்திய வங்கி ஒரு புள்ளி இறக்க, சந்தை ஒரு புள்ளிக்கு மேல் ஏற்றியது. வேலைவாய்ப்புத் தரவுகள் எதிர்பார்த்ததைவிட வலுவாக வந்தன. பணவீக்கம் 2 சதவீத இலக்குக்கு இறங்க மறுத்தது. தேர்தல் முடிவுக்குப் பின் வரிக் குறைப்பும் சுங்க வரியும் வரும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. பற்றாக்குறை ஏற்கெனவே ஜிடிபியில் 6 சதவீதத்துக்கு மேல். இந்த நான்கும் உண்மை. எது எவ்வளவு என்று பிரிக்கும்போதுதான் தரை நழுவுகிறது. நியூயார்க் ஃபெட் வெளியிடும் மாதிரிக் கணக்கு, ஏற்றத்தின் பெரும்பகுதியை டெர்ம் பிரீமியத்தில் போடுகிறது. ஆனால் டெர்ம் பிரீமியத்தை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. எதிர்பார்ப்பைக் கழித்தபின் மிஞ்சுவதற்கு வைத்த பெயர் அது. வேறு மாதிரியை எடுத்தால் வேறு எண் வரும். ஆகவே, ‘கடன் பயத்தால் இத்தனை சதவீதம் ஏறியது’ என்று ஒருவர் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு சொன்னால் அந்தத் துல்லியத்தை நம்பாதீர்கள்.

கடன் மெதுவாகச் செய்யும் வேலை வேறு, திடீரென்று செய்யும் வேலை வேறு. மெதுவாகச் செய்வது எண்களில் தெரிகிறது. அமெரிக்க அரசின் மொத்தக் கடன் 2024 நவம்பரில் 36 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. 2020 ஆகஸ்டில் பத்தாண்டுக்கு அரை சதவீத வட்டியில் கடன் வாங்க முடிந்த அரசு அது. அந்தக் காலத்தில் மலிவாக வாங்கிய கடன் முதிர முதிர, அதை 4 சதவீதத்தை ஒட்டிய வட்டியில் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. 2024 நிதியாண்டில் நிகர வட்டிச் செலவு மட்டும் சுமார் 88,000 கோடி டாலர். ராணுவத்துக்குச் செலவிட்டதைவிட அது அதிகம். வட்டி கட்டவே கடன் வாங்கினால், ஒவ்வொரு ஏலத்திலும் விற்க வேண்டிய பத்திரத்தின் அளவு கூடும். வாங்குபவர் கொஞ்சம் கூடுதல் ஈல்டு கேட்பார். பல ஆண்டுகளில் படியும் அழுத்தம் இது, இரவோடு இரவாக வருவதில்லை.

ஜிடிபியில் இத்தனை சதவீதத்தைக் கடன் தாண்டினால் ஆபத்து என்று ஒரு கோடு இருக்கிறதா என்றால், அப்படி ஒரு கோட்டை இதுவரை யாரும் நிறுவவில்லை. 2010இல் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 90 சதவீதத்துக்கு மேல் போனால் வளர்ச்சி சட்டென்று விழுகிறது என்றார்கள். பல அரசுகள் சிக்கன நடவடிக்கைக்கு அதை ஆதாரமாகக் காட்டின. 2013இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே தரவை எடுத்து மறுபடி கணக்கிட்டபோது ஸ்ப்ரெட்ஷீட்டில் பிழை இருந்தது தெரிந்தது. அதிகக் கடனும் மெதுவான வளர்ச்சியும் சேர்ந்தே காணப்படுகின்றன என்பது நின்றது, 90 என்ற செங்குத்துப் பள்ளம் நிற்கவில்லை. ஜப்பானின் கடன் ஜிடிபியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அங்கே பல ஆண்டுகள் பத்தாண்டு ஈல்டு பூஜ்யத்தை ஒட்டியே கிடந்தது. 2011 ஆகஸ்டில் எஸ் அண்ட் பி என்ற தரமதிப்பீட்டு நிறுவனம் அமெரிக்காவின் கடன் தரத்தை முதல் தடவையாகக் குறைத்தபோது முதலீட்டாளர்கள் பயந்துபோய் ஓடி வாங்கியது அதே அமெரிக்கப் பத்திரத்தைத்தான், ஈல்டு இறங்கியது. கடன் அளவை மட்டும் வைத்துச் சந்தையைக் கணித்தவர்கள், ஜப்பான் பத்திரத்தின் விலை விழும் என்று பந்தயம் கட்டி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பணத்தை இழந்தார்கள்.

அப்படியானால் எங்கே உடைகிறது? இதற்கு நான் கண்ட மிகத் தெளிவான விடை 2022 செப்டம்பரில் லண்டனில் இருக்கிறது. ஒரே வாரத்தில் மத்திய வங்கி, அரசுக் கடன், சந்தை மூன்றும் முட்டிக்கொண்ட சம்பவம். செப்டம்பர் 22 அன்று பிரிட்டனின் மத்திய வங்கியான பாங்க் ஆஃப் இங்கிலாந்து தன் வட்டியை 2.25 சதவீதமாக உயர்த்தியது. முந்தைய ஆண்டுகளில் வாங்கிக் குவித்த அரசுப் பத்திரக் கையிருப்பை அடுத்த பன்னிரண்டு மாதங்களில் 8,000 கோடி பவுண்டு குறைக்கப்போவதாகவும் அன்றே அறிவித்தது. ஆக, சந்தையின் மிகப்பெரிய வாங்குபவர் விற்பவராக மாறினார். மறுநாள், செப்டம்பர் 23 அன்று, பிரதமர் லிஸ் டிரஸ் அரசின் நிதியமைச்சர் குவாசி குவார்டெங் சுமார் 4,500 கோடி பவுண்டுக்கு வரிக் குறைப்பை அறிவித்தார். அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு, அரசின் வரவு செலவைச் சுதந்திரமாக மதிப்பிடும் பட்ஜெட் பொறுப்பு அலுவலகத்தின் மதிப்பீடு எதுவும் கூட வரவில்லை. கடன்தான் வாங்கியாக வேண்டும். ஒரு பக்கம் மத்திய வங்கி விற்கிறது, இன்னொரு பக்கம் அரசு கூடுதலாக விற்கப்போகிறது. யார் வாங்குவது?

22ஆம் தேதி 4 சதவீதத்துக்குக் கீழே இருந்த முப்பதாண்டு ஈல்டு 28ஆம் தேதி காலையில் 5 சதவீதத்தைத் தாண்டியது. ஆனால் கவனியுங்கள், இந்த ஏற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அது ஒரு விலை மாற்றம்தான். கடன் கூடினால் ஈல்டு கூடும் என்ற பாடத்தின் வேகமான வடிவம். அதை நெருக்கடியாக்கியது ஓய்வூதிய நிதிகளுக்குள் இருந்த ஓர் ஏற்பாடு. இந்த நிதிகள் இன்னும் நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு ஓய்வூதியம் கொடுக்க வேண்டியவை. வட்டி குறைந்தால் அந்தப் பொறுப்பின் இன்றைய மதிப்பு ஏறும். அதைச் சமன்செய்ய நீண்டகால அரசுப் பத்திரம் வேண்டும். எல்லாப் பணத்தையும் அதில் போட்டால் பங்குகளில் வளர்ச்சி தேட முடியாது. அதனால் கையில் இருக்கும் பத்திரத்தை ரெப்போவில், அதாவது பத்திரத்தை ஈடாகக் கொடுத்துக் குறுகியகாலக் கடன் வாங்கும் சந்தையில், அடகு வைத்து, கடன் வாங்கி, மேலும் பத்திரம் வாங்கினார்கள். எல்டிஐ என்று அந்த முறைக்குப் பெயர். பத்திர விலை விழுந்ததும் கடன் கொடுத்தவர்கள் கூடுதல் பிணையம் கேட்டார்கள், அதுவும் அன்றைக்கே. ரொக்கம் இல்லாத நிதிகள் பத்திரத்தை விற்றன. விற்றதும் விலை மேலும் விழுந்தது. விழுந்ததும் மறுபடி பிணையம்.

இதில் என்னை இன்றைக்கும் உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. ஈல்டு ஏறியதால் இந்த நிதிகளின் எதிர்காலப் பொறுப்பின் மதிப்பு குறைந்தது. காகிதக் கணக்கில் பெரும்பாலானவை முன்பைவிட நல்ல நிலையில் இருந்தன. சொத்து போதுமா என்ற கேள்வியில் தேர்ச்சி பெற்றவர்கள், இன்று மாலைக்குள் ரொக்கம் இருக்கிறதா என்ற கேள்வியில் தோற்றார்கள். சந்தை உடைவது பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியில்தான். கடன் அளவைப் பற்றி எழுதுபவர்கள் பலரும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள்.

28ஆம் தேதி பாங்க் ஆஃப் இங்கிலாந்து தலையிட்டது. நாளொன்றுக்கு 500 கோடி பவுண்டுவரை, மொத்தம் 6,500 கோடிவரை நீண்டகாலப் பத்திரம் வாங்கத் தயார் என்றது. முப்பதாண்டு ஈல்டு அன்று ஒரே நாளில் ஒரு சதவீதப் புள்ளி அளவுக்கு இறங்கியது. கடைசியில் வாங்க வேண்டியிருந்தது 1,930 கோடிதான். சொன்னபடி அக்டோபர் 14 அன்று நிறுத்தினார்கள். அதே நாளில் குவார்டெங் பதவி இழந்தார், ஆறு நாள் கழித்து டிரஸ் ராஜினாமாவை அறிவித்தார். நவம்பர் 3 அன்று அதே மத்திய வங்கி வட்டியை 3 சதவீதமாக உயர்த்தியது. அவசரத்தில் வாங்கிய பத்திரங்களை 2023 ஜனவரிக்குள் லாபத்தோடு விற்றும் முடித்தது. பணவீக்கத்துக்கு எதிராக வட்டியை ஏற்றிக்கொண்டே, சந்தை முடங்காமலிருக்க பத்திரம் வாங்கவும் முடியும் என்று அது செய்து காட்டியது. கால வரம்பு வைத்து, அந்த வரம்பைக் காப்பாற்றியதால்தான் இது கைகூடியது என்பது என் கருத்து. பிரிட்டனின் கடன் அப்போது ஜிடிபியில் ஏறக்குறைய 100 சதவீதம். அமெரிக்கா, இத்தாலி, ஜப்பான் எல்லாவற்றையும்விடக் குறைவு. கடன் அதிகமுள்ள நாட்டில் வராத நெருக்கடி அங்கே வந்தது.

இதே உருவத்தை வேறு இடங்களிலும் பார்க்கலாம். 2020 மார்ச்சில் உலகத்தின் மிகப் பாதுகாப்பான சொத்து என்று சொல்லப்படும் அமெரிக்கப் பத்திரத்துக்கே சில நாட்கள் வாங்க ஆளில்லாமல் போனது. ரெப்போ கடன் வாங்கிப் பத்திரம் வைத்திருந்த ஹெட்ஜ் ஃபண்டுகள் என்ற தனியார் முதலீட்டு நிதிகளும், டாலர் தேவைப்பட்ட வெளிநாட்டு மத்திய வங்கிகளும் ஒரே சமயத்தில் விற்றார்கள். ஃபெட் ஒரு மாதத்துக்குள் ஒரு லட்சம் கோடி டாலருக்கும் மேல் வாங்கித்தான் அது தணிந்தது. 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி பேங்க் 2,100 கோடி டாலர் பத்திரத்தை 180 கோடி நஷ்டத்தில் விற்றதாக அறிவித்ததற்கு மறுநாளே 4,200 கோடி டாலர் டெபாசிட் வெளியேறியது. அந்த வங்கி நஷ்டப்பட்டது அமெரிக்க அரசின் உத்தரவாதம் பெற்ற பத்திரங்களில். அரசு கடனைத் திருப்பித் தருமா என்ற சந்தேகமே அங்கே எழவில்லை.

மத்திய வங்கிகள் கையிருப்பைக் குறைப்பது பற்றியும் சுருக்கமாக. ஃபெடின் சொத்து 2022இல் ஏறக்குறைய 9 லட்சம் கோடி டாலரைத் தொட்டது. அதன்பின் மாதத்துக்கு 6,000 கோடி டாலர்வரை அரசுப் பத்திரங்களைப் புதுப்பிக்காமல் முதிரவிட்டது. விலையைப் பார்க்காமல் வாங்கிய ஒருவர் விலகி, விலையைப் பார்த்து வாங்குபவர்கள் அந்த இடத்துக்கு வர வேண்டியிருந்தது. இதனால் ஈல்டு ஏறும் என்ற திசையில் பெரும்பாலோர் உடன்படுகிறார்கள், அளவில்தான் சண்டை. இன்னொன்று அதிகம் பேசப்படுவதில்லை. மத்திய வங்கி பத்திரம் வாங்கும்போது அரசுக் கடன் மறைவதில்லை. முப்பதாண்டுக் கடன், வணிக வங்கிகள் மத்திய வங்கியில் வைக்கும் ஓரிரவு இருப்பாக மாறுகிறது. அந்த இருப்புக்கு மத்திய வங்கி வட்டி கொடுக்கிறது. வட்டி ஏறியதும் ஃபெட் நஷ்டத்துக்குப் போனதும், பிரிட்டனில் அந்த நஷ்டத்தை அரசுக் கருவூலமே ஈடுகட்ட வேண்டி வந்ததும் இதனால்தான்.

உண்மையான சந்தேகம் எனக்கு இருப்பது வேறோர் இடத்தில். வட்டிச் செலவு தாங்க முடியாமல் போகும்போது, பணவீக்கத்தை விட்டுவிட்டு அரசுக்காக வட்டியைத் தாழ்வாக வைக்க மத்திய வங்கி பணியுமா? இது கற்பனை இல்லை. 1942 முதல் 1951 வரை அமெரிக்காவில் அப்படித்தான் நடந்தது. போர்க் கடனுக்காக நீண்டகாலப் பத்திரத்தின் ஈல்டு இரண்டரை சதவீதத்தைத் தாண்டாமல் ஃபெட் பிடித்துவைத்தது. 1951 மார்ச்சில் கருவூலத்தோடு ஓர் உடன்பாடு செய்துதான் அந்தக் கடமையிலிருந்து விடுபட்டது. கடன் விகிதம் அடுத்த இருபது ஆண்டுகளில் வெகுவாக இறங்கியது. வளர்ச்சியும் சிக்கனமும் ஒரு பங்கு செய்தன. சேமித்தவர்களின் வட்டியைப் பணவீக்கம் தின்றது இன்னொரு பங்கு. மறுபடி அது நடக்குமா என்பதைப் பொருளாதாரச் சூத்திரம் எதுவும் சொல்லாது, அரசியல்தான் தீர்மானிக்கும். ஓர் அறிகுறியை மட்டும் நான் கவனமாகப் பார்க்கிறேன். வழக்கமாக உலகம் பயந்தால் பங்குகள் விழும், அமெரிக்கப் பத்திரமும் டாலரும் ஏறும். 2025 ஏப்ரலில் சுங்க வரி அறிவிப்புக்குப் பின் பங்கு, டாலர், பத்திரம் மூன்றும் சேர்ந்தே விழுந்த நாட்கள் இருந்தன. ஒரே வாரத்தில் பத்தாண்டு ஈல்டு 4லிருந்து 4.5 சதவீதமானது. இது ஒரு தடவை நடந்தது. பழக்கமாக மாறினால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன். மூன்றும் சேர்ந்து விழுவது, வளரும் நாட்டின் பத்திரம் நடந்துகொள்ளும் விதம்.

ஆக, உங்களிடம் சொன்னவருக்கு என் பதில்: கடன் சுமை நிஜம், நீண்டகால வட்டியை அது மேலே தள்ளுகிறது என்பதும் நிஜமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பிடி நழுவிவிட்டது என்பதற்கு இதுவரை ஆதாரம் இல்லை. அடுத்த உடைவு கடிகாரம் பார்த்து வராது. யார் கடன் வாங்கிப் பத்திரம் வைத்திருக்கிறார்கள், அவர்களிடம் பிணையம் கேட்டால் ரொக்கம் இருக்கிறதா என்ற இடத்தில் வரும். அந்தத் தகவல் பெரும்பாலும் நெருக்கடிக்குப் பின்னரே வெளியில் தெரிகிறது. அதனால்தான் தேதி சொல்லிக் கணிப்பவர்களிடம் நான் தள்ளி நிற்கிறேன்.

உங்கள் கில்ட் ஃபண்டைப் பொறுத்தவரை இந்தியாவின் நிலை பல விதங்களில் வேறு. நம் அரசின் கடன் பெரும்பாலும் ரூபாயில், உள்நாட்டு வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், வருங்கால வைப்பு நிதி ஆகியவற்றிடம் இருக்கிறது. வங்கிகள் டெபாசிட்டில் 18 சதவீதத்தை எஸ்எல்ஆர் என்ற கட்டாய இருப்புக் கணக்கில் பெரும்பாலும் அரசுப் பத்திரமாகவே வைத்தாக வேண்டும். பிரிட்டனில் நடந்ததைப் போன்ற விற்பனைச் சுழல் இங்கே வர வாய்ப்பு குறைவு என்று நினைக்கிறேன். அதற்காக விலை விழாது என்று அர்த்தமில்லை. ஃபண்டின் ஃபேக்ட் ஷீட்டை எடுத்து மாடிஃபைட் டியூரேஷன் என்ற வரியைப் பாருங்கள். அது 10 என்றிருந்தால், ஈல்டு அரை புள்ளி ஏறினாலே என்ஏவி சுமார் 5 சதவீதம் இறங்கும். மூன்று ஆண்டுக்குள் மகள் படிப்புக்கு இந்தப் பணம் வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ரிசர்வ் வங்கி அடுத்து என்ன செய்யும் என்று ஊகிப்பதை விடுங்கள். அந்த ஆண்டில் முதிரும் டார்கெட் மெச்சூரிட்டி ஃபண்டுக்கோ குறுகியகாலப் பத்திரத்துக்கோ மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன், வெளியேறும்போது பிடிக்கும் கட்டணமான எக்ஸிட் லோடும் வரியும் எவ்வளவு வரும் என்று மட்டும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.